ஒரு நாட்டோட ஹெல்த் சிஸ்டத்தை எப்படி எடை போடுறது? இலங்கையை வச்சு ஒரு முழு வழிகாட்டி

எம்பிஎச் (பொது சுகாதார முதுகலை) படிக்கிறவங்க, ஹெல்த் பத்தி பத்திரிகையில எழுதறவங்க, என்ஜிஓ-ல ரிப்போர்ட் போடறவங்க எல்லாருக்கும் ஒரு கட்டத்துல இந்த வேலை வந்து சேரும். "இந்த நாட்டோட ஹெல்த் சிஸ்டத்தை அசெஸ் பண்ணி குடுங்க"னு ஒரே வரியில சொல்லிட்டு போயிருவாங்க, நெட்ல தேடினா ஏகப்பட்ட ஃப்ரேம்வொர்க் வந்து கொட்டும், எல்லாத்துலயும் கட்டம் கட்டமா படம் இருக்கும், அம்புக்குறி இருக்கும், எதை எடுக்கறதுனு தெரியாம முதல்ல கிடைச்சதை எடுத்து கட்டத்தை நிரப்பி அனுப்பிருவோம். அப்படி வர்ற ரிப்போர்ட்ல ஆஸ்பத்திரி எத்தனை, டாக்டர் எத்தனைனு எல்லாம் இருக்கும், ஒரு சுகர் பேஷன்டுக்கு அந்த நாட்டுல என்ன நடக்கும்னு மட்டும் தெரியாது.

நான் சொல்ற வழி என்னன்னா, ஃப்ரேம்வொர்க்கை கேள்வித்தாளா மட்டும் வச்சுக்கோங்க, பதிலை தேடும்போது காசு எங்கேர்ந்து எங்க போகுது, நோயாளி எங்கேர்ந்து எங்க போறார்னு இந்த ரெண்டையும் விடாம பின்தொடருங்க. உதாரணத்துக்கு இலங்கையை எடுத்துக்கறேன், ஏன்னா குறைஞ்ச செலவுல நல்ல ரிசல்ட்னு உலகமே காட்டற நாடு அது, அதே நாடு 2022-ல மருந்துக்கு திண்டாடினதும் உண்மை, ரெண்டையும் ஒரே ஃப்ரேம்வொர்க்ல விளக்க முடியுதானு பாத்தாலே உங்களுக்கு பாதி வித்தை வந்துரும்.

முதல் வேலை: ரேங்க் பட்டியலை ஓரமா வைங்க

2000-ல டபிள்யூஎச்ஓ 191 நாடுகளை வரிசைப்படுத்தி ஒரு அறிக்கை விட்டுச்சு. ஃபிரான்ஸ் 1, இத்தாலி 2, அமெரிக்கா 37, இலங்கை 76, இந்தியா 112. அந்த 37 இன்னிக்கு வரைக்கும் அமெரிக்க அரசியல் பேச்சுல வந்துட்டே இருக்கு. ஆனா அதே அறிக்கையில ரெண்டு பட்டியல் இருந்துச்சுனு பலருக்கு தெரியாது. என்ன சாதிச்சிருக்காங்கனு பாக்கற பட்டியல்ல ஜப்பான் முதல் இடம், அமெரிக்கா 15. பண்ற செலவுக்கு ஏத்த மாதிரி சாதிச்சிருக்காங்களானு பாக்கற பட்டியல்லதான் 37. கேள்வி மாறினா ரேங்க் மாறுது, அவ்வளவுதான்.

அந்த மார்க் போட்ட விதத்தை பாருங்க: சராசரி ஆரோக்கியத்துக்கு 25 சதவீதம், அது மக்களுக்குள்ள எப்படி பங்காகுதுங்கறதுக்கு 25, செலவு சுமை நியாயமா இருக்கானு 25, மிச்சம் 25-ஐ மக்களை மதிச்சு நடத்தறாங்களாங்கறதோட அளவுக்கு பாதி, பங்கீட்டுக்கு பாதி. இந்த எடையெல்லாம் யாரோ உக்காந்து முடிவு பண்ணது, அதுக்கும் மேல பல நாடுகளுக்கு டேட்டாவே இல்லாம மாடல் போட்டு கணிச்ச எண்கள். அந்த அறிக்கையோட முதன்மை எடிட்டரா இருந்த ஃபிலிப் மஸ்கிரோவே பின்னாடி இந்த ரேங்கை யாரும் இனிமே பயன்படுத்த கூடாதுனு எழுதினார். டபிள்யூஎச்ஓ-வும் அதுக்கப்புறம் அந்த மாதிரி பட்டியல் போடவே இல்ல. அறிக்கையோட யோசனை மட்டும் நல்ல யோசனை: ஆரோக்கியம், மதிப்பான நடத்தை, நியாயமான செலவு சுமைனு மூணு குறிக்கோள். அதை எடுத்துக்கோங்க, எண்ணை விட்ருங்க.

ரெண்டாவது: உங்க கேள்வி என்னனு ஒரே வரியில எழுதுங்க

இதை செய்யாம ஃப்ரேம்வொர்க் எடுத்தா கண்டிப்பா சொதப்பும். சிஸ்டத்துல என்னென்ன இருக்குனு விவரிக்கணும்னா டபிள்யூஎச்ஓ 2007-ல குடுத்த ஆறு கட்டம் போதும். ஒரு ஆஸ்பத்திரியோட, ஒரு சேவையோட தரத்தை பாக்கணும்னா 1966-ல டோனபேடியன் சொன்ன மூணு படி: வசதி என்ன இருக்கு, என்ன செய்யறாங்க, என்ன விளைவு. சேவை மக்கள் கிட்ட உண்மையிலயே போய் சேருதானா 1978-ல தானஹாஷி போட்ட கவரேஜ் படிக்கட்டு. எதை மாத்தினா சரியாகும்னு கேட்டா ஹார்வர்டு ஆளுங்க ராபர்ட்ஸ், ஷியாவ், பெர்மன், ரைஷ் நாலு பேரும் சேந்து உருவாக்கின கன்ட்ரோல் நாப் (திருப்பற குமிழ்) முறை. ஒவ்வொண்ணும் வேற வேற வேலைக்கான கருவி. ஒரே ரிப்போர்ட்ல எல்லாத்தையும் திணிக்க வேண்டாம், ரெண்டு போதும், மூணு தாண்டினா படிக்கிறவர் தூங்கிருவார்.

இங்க நம்ம கேள்வி இதுதான்: இலங்கை தாய்-சேய் விஷயத்துல ஜெயிச்ச மாதிரி சுகர், பிரஷர் விஷயத்துல ஏன் ஜெயிக்கல?

மூணாவது: எல்லை போடுங்க, லேபிளை நம்பாதீங்க

ஆரோக்கியத்தை காக்கறது, மீட்கறது, மேம்படுத்தறதுதான் முதல் நோக்கம்னு இருக்கற எல்லா வேலையும் ஹெல்த் சிஸ்டத்துக்குள்ள வரும். பொண்ணுங்க படிப்பு வராது, ஆனா இலங்கையில பிள்ளைச்சாவு குறைஞ்சதுக்கு அதுக்கு பெரிய பங்கு இருக்கு. 1931-லயே எல்லாருக்கும் ஓட்டுரிமை வந்த நாடு, ஓட்டு கேக்க போற எம்எல்ஏ மாதிரியான ஆளு ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டு வந்தே ஆகணும்ங்கற நெருக்கடி அப்பவே வந்துருச்சு. 1934-35 மலேரியா கொள்ளைநோய் அந்த நெருக்கடியை இன்னும் கூட்டுச்சு. இதையெல்லாம் சூழல்னு ஒரு பக்கத்துல எழுதிட்டு, சிஸ்டம் எதுவரைக்கும்னு கோடு போட்டுட்டு நகருங்க.

அடுத்து வகை. வரிப்பணத்துல அரசே நடத்தறது பெவரிட்ஜ் மாடல் (1948-ல தொடங்கின பிரிட்டனோட அரசு மருத்துவ சேவை என்எச்எஸ்), சம்பளத்துல பிடிச்சு இன்சூரன்ஸ் நிதியா நடத்தறது பிஸ்மார்க் மாடல் (1883 ஜெர்மனி). இலங்கையை பெவரிட்ஜ்னு எழுதிட்டு போயிருவாங்க. அது அரை உண்மை. வார்டுல படுத்து பாக்கற வைத்தியத்துல 90 சதவீதத்துக்கு மேல அரசு ஆஸ்பத்திரிதான், ஆனா ஓபிடி (வந்து பாத்துட்டு போற வெளிநோயாளி) கணக்குல கிட்டத்தட்ட பாதி தனியார். 1977-ல இருந்து அரசு டாக்டர்கள் டூட்டி நேரம் முடிஞ்சதும் தனியார்ல பாக்கலாம், அதைத்தான் அங்க "சேனல் பண்றது"னு சொல்வாங்க. காலையில கிளினிக்ல கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு நிமிஷம் பாத்த அதே ஸ்பெஷலிஸ்டை சாயங்காலம் காசு கட்டி பத்து நிமிஷம் பாக்கலாம். லேபிள்ல இது தெரியவே தெரியாது.

நாலாவது: ஆறு கட்டத்தை நிரப்புங்க, ஒண்ணை மட்டும் தோண்டுங்க

ஆறு கட்டம்: சேவை, ஆட்கள், தகவல், மருந்தும் கருவியும், நிதி, நிர்வாகத் தலைமை. எல்லாத்துக்கும் அரை பக்கம் குடுங்க. அப்புறம் உங்க கேள்விக்கு எது முக்கியமோ அதுல ஒண்ணை எடுத்து அடி வரைக்கும் போங்க, ஏன்னா இந்த ஃப்ரேம்வொர்க்கோட பெரிய குறையே கட்டங்களுக்கு நடுவுல என்ன ஓடுதுனு அது சொல்லாது. ஒரு கட்டத்தை தோண்டினாதான் அது மத்த அஞ்சு கட்டத்துக்குள்ளயும் வேர் விட்டிருக்கறது தெரியும்.

மருந்தை எடுப்போம். மருந்து கொள்கையில இலங்கை ஒரு காலத்துல முன்னோடி. மருந்தியல் பேராசிரியர் சேனக்க பிபிலே முன்னின்று நடத்த 1971-ல அரசு மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கி, தேவையான மருந்துகளை ஜெனரிக் பேர்ல (கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பொதுப்பேர்ல) மொத்தமா இறக்குமதி பண்ணாங்க. ஆனாலும் மருந்துல பெரும்பகுதி வெளிநாட்டுல இருந்துதான் வரணும்ங்கற நிலை மாறல. 2022-ல டாலர் தீர்ந்துச்சு, ஏப்ரல்ல வெளிநாட்டு கடனை கட்ட முடியலனு அரசே அறிவிச்சது, அதுக்கு முன்னாடியே மார்ச் கடைசியில பேராதனை போதனா வைத்தியசாலையில (டாக்டருக்கு படிக்கறவங்க பயிற்சி எடுக்கற பெரிய ஆஸ்பத்திரி) வழக்கமான ஆபரேஷன்களை மருந்து இல்லாம நிறுத்தி வச்சாங்க. டாக்டர் இருக்கார், தியேட்டர் இருக்கு, நோயாளி இருக்கார், மயக்க மருந்து வகையறா இல்ல. அஞ்சு கட்டத்துல நல்ல மார்க் வாங்கினாலும் ஆறாவது கட்டம் மத்ததை உக்கார வச்சிரும்.

அதோட முடியல. தட்டுப்பாடுனு அவசர கொள்முதல் கதவை திறந்தாங்க, அந்த வழியா 2023-ல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்பு புரதம்) ஊசி உள்ள வந்ததுனு வழக்கு, சுகாதார அமைச்சரா இருந்தவரே 2024 பிப்ரவரியில கைதானார். யார் குற்றவாளிங்கறதை கோர்ட் பாத்துக்கும், அசெஸ்மென்ட் பண்றவர் கேக்க வேண்டிய கேள்வி வேற: சாதாரண நாள்ல இருக்கற தர சோதனை, அவசரம்னு சொன்னதும் எத்தனை கையெழுத்துல விலகிப் போகுது? மருந்து கட்டத்துல தொடங்கினோம், நிதி கட்டம் வழியா வந்து நிர்வாகக் கட்டத்துல நிக்கறோம்.

ஒப்பிட்டு பாக்க, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கற தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷனை எடுத்துக்கலாம். 1994-ல தொடங்கினது. ஒரே இடத்துல டெண்டர், மாவட்ட கிடங்கு, வந்த பேட்ச்ல சாம்பிள் எடுத்து லேப்ல பாஸ் ஆனாதான் வெளிய விடறது, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்க் பாஸ்புக் மாதிரி ஒரு பாஸ்புக், அதுல இருக்கற தொகைக்குள்ள வேண்டிய மருந்தை எடுத்துக்கலாம். கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா மருந்து திட்டம் நல்லா இருக்கானு பாக்க கிடங்கு ஸ்டோர்கீப்பர்கிட்ட "எந்த மருந்து எத்தனை நாளா ஸ்டாக் இல்ல"னு கேக்கறதை விட நல்ல குறியீடு கிடையாது. மினிஸ்ட்ரி ரிப்போர்ட்ல வருஷ சராசரி வரும், வருஷ சராசரில யாரும் மாத்திரை சாப்பிடறதில்ல.

அஞ்சாவது: காசை பின்தொடருங்க

நிதிக்கு மூணு கேள்வி: எப்படி வசூல் ஆகுது, எங்க ஒண்ணா சேருது, எப்படி செலவாகுது. மூணாவதைத்தான் எல்லாரும் விட்ருவாங்க.

இலங்கை மொத்தமா நாட்டு உற்பத்தியில சுமார் 4 சதவீதம் ஹெல்த்துக்கு செலவு பண்ணுது, அதுல அரசு பணம் பாதியை ஒட்டி, மிச்சத்துல பெரும்பகுதி மக்கள் கைக்காசு. அமெரிக்கா 17 சதவீதம் பண்ணியும் ஆயுட்காலம் ஏறக்குறைய அதே 77-79 வயசு வாக்குலதான் நிக்குது. சரி, இப்ப இந்தியாவையும் பாருங்க: தேசிய சுகாதார கணக்குப்படி கைக்காசு பங்கு 2013-14-ல 64.2 சதவீதமா இருந்தது 2021-22-ல 39.4-ஆ குறைஞ்சிருக்கு. அப்ப இலங்கையும் இந்தியாவும் இந்த விஷயத்துல பக்கத்துல பக்கத்துலனு எழுதலாமா? எழுத கூடாது. இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க.

கைக்காசை யார் எதுக்கு குடுக்கறாங்கங்கறதுதான் விஷயம். இலங்கையில அதுல கணிசமான பங்கு வசதி இருக்கறவங்க சேனல் பண்றதுக்கும் ஓபிடிக்கும் வெளிய மருந்து வாங்கவும் குடுக்கறது. ஹார்ட் ஆபரேஷன், ஐசியு, மாசக்கணக்குல வார்டுனு குடும்பத்தை கவிழ்க்கற பில் வந்தா ஏழை அரசு ஆஸ்பத்திரிக்குள்ள போயிட முடியும். இந்தியாவுல நகையை அடகு வைக்க வைக்கறது அந்த பெரிய பில்தான், 2018-ல வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டமும் அதைத்தான் குறி வச்சுது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், படுத்து பாக்கற வைத்தியத்துக்கு மட்டும். அதனால கைக்காசு சதவீதத்தோட கூட, வீட்டு செலவுல 10 சதவீதம் தாண்டி, 25 சதவீதம் தாண்டி மருத்துவத்துக்கு குடுத்த குடும்பங்கள் எத்தனைங்கறதையும் எடுங்க. ஐநா வளர்ச்சி இலக்குகள்ல முதல்ல வச்சிருந்ததும் இதே ரெண்டு அளவுகோல்தான். இதுலயும் ஒரு ஓட்டை: காசு இல்லாம ஆஸ்பத்திரிக்கே போகாதவர் இந்த கணக்குல "பாதுகாப்பா" இருக்கறவரா வந்துருவார். அதனாலயே அடுத்த படி வேணும்.

ஆறாவது: ரெண்டு நோயாளிகளை பின்தொடருங்க

எனக்கு பிடிச்ச படி இதுதான். தானஹாஷி படிக்கட்டை கையில வச்சுக்கோங்க: சேவை இருக்கா, எட்டற தூரத்துல இருக்கா, மக்கள் அதை ஏத்துக்கறாங்களா, உண்மையிலயே வந்தாங்களா, வந்தவங்களுக்கு சரியான வைத்தியம் முழுசா கிடைச்சுதா. ஒவ்வொரு படியிலயும் எத்தனை பேர் உதிர்ந்தாங்கனு எண்ணணும்.

முதல் ஆள், இலங்கையில ஒரு கர்ப்பிணி. 3000-லேர்ந்து 5000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர், ஊர்ல மிட்வைஃப்னும் மருத்துவமாதுனும் சொல்வாங்க. 1926-ல களுத்துறையில முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின காலத்துலேர்ந்து வளர்ந்த ஏற்பாடு இது. அவங்க பதிவேட்டுல அந்த பகுதியில பிள்ளை பெத்துக்கற வயசுல இருக்கற குடும்பம் எல்லாம் பேர் பேரா இருக்கும், கர்ப்பம்னு தெரிஞ்சதும் 8 வாரத்துக்குள்ள பதிய பாப்பாங்க, வீடு தேடி வருவாங்க, கர்ப்பிணி கையில ஒரு பதிவட்டை இருக்கும், எந்த ஆஸ்பத்திரிக்கு போனாலும் அதை காட்டினா கதை முழுக்க தெரியும். பிரசவம் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில. அதையும் மீறி ஒரு தாய் இறந்துட்டா அது கட்டாயம் அறிவிக்க வேண்டிய விஷயம், ஆஸ்பத்திரி மட்டத்துல விசாரணை, ஊர் மட்டத்துல விசாரணை, அப்புறம் தேசிய அளவுல குடும்ப சுகாதார பணியகம் ஒவ்வொரு சாவையும் எடுத்து எந்த இடத்துல தாமதம் ஆச்சுனு பேசும். ஒரு படியில கூட ஆளை தவற விடாத ஏற்பாடு. 1930-கள்ல ஒரு லட்சம் பிறப்புக்கு 2000-க்கு மேல இருந்த தாய் இறப்பு இன்னிக்கு 30-ஐ ஒட்டி. 2018-20-ல இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54.

ரெண்டாவது ஆள், அதே ஊர்ல 52 வயசு மனுஷர், சுகரும் பிரஷரும். இவர் பேர் எந்த பதிவேட்டுலயும் இல்ல. வீடு தேடி யாரும் வரல. 2011-லேர்ந்து ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர்னு ஸ்கிரீனிங் வச்சிருக்காங்க, ஆனா அது வேலை நாள்ல வேலை நேரத்துல, அதனால கூலிக்கு போற ஆம்பளைங்க அங்க கம்மி. ஒருநாள் தலைசுத்தி விழுந்தப்புறம்தான் தெரியுது. எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் நேரா போகலாம், ரெஃபரல் கேக்க மாட்டாங்க, அதனால பக்கத்துல இருக்கற சின்ன ஆஸ்பத்திரியை தாண்டி பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு போறார், விடியகாலையிலயே நம்பர் எடுக்க நிக்கறார், கையில ஒரு கொப்பி (நோட்டு), அதுல டாக்டர் எழுதறதுதான் இவரோட மெடிக்கல் ரெக்கார்டு. ஒரு மாசத்துக்கு மாத்திரை, ஒரு மாத்திரை ஸ்டாக் இல்ல வெளிய வாங்குங்க, இந்த டெஸ்ட்டை வெளிய எடுத்துட்டு வாங்க. மூணாவது மாசம் ஒருநாள் கூலி போகும்னு வராம இருந்துட்டா, ஏன் வரலனு கேக்க ஒரு ஆள் கிடையாது.

நம்ம கேள்விக்கான பதில் இந்த ரெண்டு பாதையை பக்கத்துல பக்கத்துல வச்சாலே தெரியுது. டாக்டர் எண்ணிக்கையோ பட்ஜெட்டோ ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். முதல் ஆளுக்கு பேரும் பொறுப்பும் உள்ள ஒருத்தர் இருக்காங்க, தவறினா விசாரணை இருக்கு. ரெண்டாவது ஆளுக்கு கட்டடம் மட்டும் இருக்கு. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இந்த ஓட்டையைத்தான் அடைக்க பாக்குது, மாத்திரையை வீட்டுக்கே கொண்டு போறது. அதை அசெஸ் பண்றவங்களுக்கும் இதே எச்சரிக்கை: எத்தனை வீட்டுக்கு போனோம்ங்கறது நாலாவது படி, எத்தனை பேருக்கு சுகர் கட்டுக்குள்ள இருக்குங்கறதுதான் அஞ்சாவது.

ஏழாவது: விளைவை சிஸ்டம் கணக்குல எழுதறதுக்கு முன்னாடி

ஆயுட்காலத்தை மட்டும் காட்டி சிஸ்டம் நல்லா இருக்குனு எழுதாதீங்க. சாப்பாடு, புகை, ரோடு ஆக்சிடென்ட், துப்பாக்கினு எல்லாம் அதுக்குள்ள கலந்திருக்கு. வைத்தியம் ஒழுங்கா கிடைச்சிருந்தா தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளை தனியா எடுத்து பாருங்க, அது சிஸ்டத்துக்கு நெருக்கமான அளவுகோல். சராசரிக்கு கீழயும் போய் பாக்கணும்: தோட்டப் பகுதி மலையக மக்கள், வடக்கு கிழக்கு, கொழும்பு நகரம்னு பிரிச்சு எடுத்தா நாட்டு சராசரி மறைச்சது வெளிய வரும்.

எட்டாவது: எந்த குமிழை திருப்பறது

கன்ட்ரோல் நாப் முறையில அஞ்சு குமிழ்: நிதி திரட்டறது, பணம் குடுக்கற முறை, சேவையை அமைக்கற விதம், ஒழுங்குமுறை, மக்களை வழிக்கு கொண்டு வர்றது. தாய்லாந்து 2001-02-ல 30 பாட் திட்டம் கொண்டு வந்தப்ப எல்லாரும் அந்த 30 பாட்டை பத்தியே பேசினாங்க, உண்மையான வேலை ரெண்டாவது குமிழ்ல நடந்துச்சு. மினிஸ்ட்ரி ஆஸ்பத்திரியை நடத்தும், வேற ஒரு தனி அமைப்பு காசை வச்சு சேவையை வாங்கும், ஓபிடிக்கு பதிவு பண்ண ஆளுக்கு இவ்வளவுனு தலைக்கணக்கு, அட்மிஷனுக்கு நோய் வகைக்கு ஏத்த தொகை. பக்கத்து சின்ன ஆஸ்பத்திரிக்கு ஆளு பேர்ல காசு வர ஆரம்பிச்சதும் அந்த ஆளை கவனிக்க அதுக்கு ஒரு காரணம் வந்துருச்சு.

இலங்கையில அந்த குமிழ் அசையவே இல்ல, பட்ஜெட்டும் சம்பளமும் நேரா போகுது, 1987-ல மாகாணங்களுக்கு அதிகாரம் குடுத்த அரசியலமைப்பு 13-ஆவது திருத்தம் வந்தப்புறம் சின்ன ஆஸ்பத்திரிகள் மாகாணத்துக்கு கீழ, போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சுக்கு கீழ. அதனால "ஏன் எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரிக்கே போறாங்க"னு கேட்டா ரெண்டு தரப்பும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்டலாம். என் கருத்து, அங்க முதல்ல திருப்ப வேண்டியது மூணாவது குமிழ்: சுகர் பேஷன்டை பேர் சொல்லி ஒரு பக்கத்து ஆஸ்பத்திரிகிட்ட ஒப்படைக்கறது. புது இன்சூரன்ஸ் திட்டம் ஒண்ணு கொண்டு வந்தா மட்டும் இது நடக்காது.

கடைசியா, டேட்டாவும் ரிப்போர்ட்டும்

செலவுக்கு டபிள்யூஎச்ஓ-வோட உலக சுகாதார செலவு தரவுத்தளம், அந்தந்த நாட்டு சுகாதார கணக்கு. குடும்ப அளவுல பாக்க இலங்கைக்கு 2016 டிஎச்எஸ் (மக்கள்தொகை, சுகாதார) சர்வே, சுகர் பிரஷருக்கு 2021 ஸ்டெப்ஸ் சர்வே, இந்தியாவுக்கு 2019-21 என்எஃப்எச்எஸ்-5 (தேசிய குடும்பநல சர்வே). ஒவ்வொரு எண்ணுக்கு பக்கத்துலயும் அது நேரா எண்ணினதா, மாடல்ல வந்ததானு ஒரு நெடுவரிசை (column) போட்டு குறிங்க. ரெண்டு சோர்ஸ் முட்டினா சராசரி எடுக்காதீங்க, ஏன் முட்டுதுனு தேடுங்க, பெரும்பாலும் வரையறை வேறயா இருக்கும்.

அப்புறம் ஆளுங்ககிட்ட பேசுங்க: ஒரு மிட்வைஃப், ஒரு ஃபார்மசிஸ்ட், கிளினிக் வரிசையில நிக்கற ரெண்டு மூணு பேர், மாகாண சுகாதார ஆபீஸ்ல கணக்கு பாக்கறவர். டைரக்டர் பேட்டியை கடைசியில வைங்க, முன்னாடியே எடுத்தா அவர் கேள்வியே உங்க கேள்வி ஆயிரும்.

எழுதும்போது முதல் பக்கத்துல கேள்வி, பதில், அந்த பதில் எவ்வளவு உறுதிங்கற மூணும் வரணும். ரெண்டு நோயாளிகளோட பாதை அடுத்து. ஆறு கட்டமும் அட்டவணையும் பின்னிணைப்புக்கு போகட்டும்.